மிஸ் ஒலிவின் சப்பாத்து

ஹாலிஎல தேயிலைத் தோட்டம், மேற்பிரிவு லயம்
29.07.2025

என் அருமை மருமகள் சுதர்ஷினிக்கு,

உன் தாய்மாமன் மாடசாமி, மாரியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, வலது கையைத் தலையில் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்தக் கடிதத்தில் எழுதப்போகும் கதையை ஹாலிஎலயிலும் நம்பமாட்டார்கள், பதுளையிலும் நம்பமாட்டார்கள், நீயும் நம்பமாட்டாய். நம்பக்கூடியதை எழுதுவதற்குக் கிராம சேவகர் இருக்கிறார். எனக்கு அந்த உத்தியோகம் இல்லை.

போனில் என்னை நீ பிளாக் பண்ணி ஒன்பது மாதம் ஆகிறது. தபால்காரரை பிளாக் பண்ண முடியாது என்பது இப்போதுதான் என் மூளைக்கு எட்டியது. ஊவா மாகாணத்தின் மிகப் பெரிய மூளை அல்லவா, ஒரு விஷயம் உள்ளே போய்ச் சேர நாளாகும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கொழும்புக்கு விஜயம் செய்தேன். பதுளை மரக்கறிக் கடை றவூப் நாநாவின் லொறியில், அடியில் முன்னூறு மூட்டை லீக்ஸ், அதற்கு மேல் இருநூறு மூட்டை கரட், அதற்கு மேல் நான். அப்புத்தளை வளைவில் மேகங்களை நான்தான் கையால் ஒதுக்கிவிட்டு லொறிக்கு வழி காட்டினேன். மடியில் உனக்கென்று பண்டாரவளைப் பேரிக்காய் ஒரு பை.

தெஹிவளையில் நீ தங்கியிருக்கும் வீட்டு வாசலில் காலை ஒன்பது மணிக்கு நின்றேன். வீட்டுக்கார மர்லியா ஆன்டி வெளியே வந்து, “புள்ள டியூட்டிக்குப் போயிட்டா” என்றார். படியில் நீல வார் வைத்த செருப்பு கிடந்தது. பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான் வாங்கிக் கொடுத்தது அது. கொழும்பில் நேர்ஸ்மார் வெறுங்காலோடு வேலைக்குப் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பேரிக்காயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனித்தான் கதை.

மிச்ச மரக்கறியை இறக்க லொறி கடற்கரை ஹோட்டல் ஒன்றின் பின்பக்கம் போய் நின்றது. அன்று பின்னேரம் அங்கே ஒரு கச்சேரி. பாடியவர் மிஸ் ஒலிவ். வயது எண்பத்தொன்று. உலகத்தின் ஏழு சமுத்திரங்களிலும் பாடி முடித்து, எட்டாவது சமுத்திரம் கிடைக்காததால் நம் ஊருக்கு வந்தவள். பத்தாயிரம் விளக்கு. முன் வரிசையில் ஏழு தேசத்துத் தூதுவர்கள், அவர்களுக்குப் பின்னால் இரண்டு ராஜாக்கள், அவர்களுக்கும் பின்னால், மரியாதையான ஓர் ஆசனத்தில், நான். அவள் உடுப்பின் வால் கல்கிசை வரை போயிற்று. ஒருவன் பித்தளைக் குழலை ஊதினான். காலிமுகத்திடல் காகம் முழுதும் எழும்பி இந்தியாவுக்குப் போய்விட்டது. காலில் நவரத்தினம் இழைத்த சப்பாத்து. பாட்டில் சூடு ஏறியதும் அதைக் கழற்றி வைத்துவிட்டாள். இல்லாவிட்டால் மேடை பற்றிக்கொண்டிருக்கும்.

அந்த ஹோட்டல் குசினியில் நப்ரீஸ் என்று ஒரு சமையற்காரன், நம் பதுளை ஆள். அவன்தான் விளக்கம் சொன்னான்.

“மாமா, இதுக்குப் பேர் ஜாஸ். ஒரே பாட்ட ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி பாடுவாங்க. பாட்டுல இல்லாததையும் போட்டுப் பாடுவாங்க.”

“யாரும் ஏசமாட்டாங்களா?”

“கை தட்டுவாங்க.”

“அப்ப நானும் அறுபத்தஞ்சு வருஷமா ஜாஸ்தான்டா பாடிக்கிட்டிருக்கேன். ஏச்சுதான் வாங்குறேன்.”

விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மாவின் முதல் வருஷத் திதி ஒக்டோபர் மூன்றாம் தேதி வருகிறது என்று பூசாரி பார்த்துச் சொன்னார். பெற்ற பிள்ளை வந்து விளக்கு வைக்க வேண்டும். நான் வைத்தால் என் தங்கச்சி இராக்கம்மா படையல் சோறு எடுக்கமாட்டாள். வா தாயி.

இப்படிக்கு,
மலைகளின் மாமன்னன்,
உன் மாமா

*

தெஹிவளை
11.08.2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேரிக்காயும் கிடைத்தது.

நான் அன்று வீட்டில்தான் இருந்தேன். கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் போகும்போது மர்லியா ஆன்டியிடம் “புள்ள நேரத்துக்குச் சாப்புடுதா” என்று கேட்டதும் எனக்குக் கேட்டது. வெளியே வர முடியவில்லை. வந்திருந்தால் நீங்கள் ஏதாவது சொல்லியிருப்பீர்கள், நான் சிரித்திருப்பேன். அதற்குத்தான் பயந்தேன்.

உங்கள் சமையற்காரர் சொன்னது பாட்டுக்குச் சரி. நான் வேலை செய்யும் வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் அட்டை தொங்கும். அதில் இல்லாததை எழுதினாலும் ஆபத்து, இருப்பதை எழுதாமல் விட்டாலும் ஆபத்து. அங்கே யாரும் கை தட்டமாட்டார்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா சாவதற்கு முன்னால் அவங்க கால் வீங்கியிருந்ததை நீங்கள் பார்த்தீர்களா?

ஆம், அல்லது இல்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

சுதர்ஷினி

*

ஹாலிஎல
20.08.2025

அன்புள்ள மருமகளுக்கு,

ஒரு சொல்லில் பதில் எழுதுவது எப்படி என்று தெரியாமல் நம் தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் யோசனை கேட்டேன். அவரும் தன் வாழ்நாளில் அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லையாம்.

உன் அம்மாவின் காலைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அது என்ன சாதாரணக் காலா? நமுனுகுல மலையை நாலு எட்டில் தாண்டின கால். பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிட்டு முடிக்குமுன் மலை உச்சியில் நிற்கும் கால். இரத்தம் குடிக்கிற அட்டையெல்லாம் அவள் வருகிற சத்தம் கேட்டால் எழுந்து வழி விட்டு நிற்கும். அப்படிப்பட்ட காலைப் பற்றி நான் என்ன எழுத?

கடைசி நாள் அவள் மகாராணி மாதிரிப் போனாள். ஒரு நோவு இல்லை, நொடி இல்லை. காலையில் ரொட்டி தட்டி, சம்பல் இடித்து, தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, “அண்ணே, கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்” என்றாள். அவ்வளவுதான். வானத்தில் இடி முழங்கிற்று. ஹாலிஎல ஸ்டேஷனில் நின்ற ரயில் தானாகக் கூவிற்று. ஹல்துமுல்லையிலிருந்து எல்லாம் ஆள் வந்தது. நீயே பார்த்தாய்.

மிஸ் ஒலிவ் பாடும்போது எனக்கு இராக்கம்மாவின் ஞாபகம் வந்தது என்றால் நம்புவாயா? கொழுந்து எடுக்கும்போது அவளும் இப்படித்தான் சொல் இல்லாமல் மூக்காலேயே எதையோ இழுத்துக்கொண்டிருப்பாள். பாதியில் விட்டுவிடுவாள். “மிச்சம் எங்கடி?” என்றால், “அது நாளைக்கு” என்பாள்.

படையலுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் போதும், அதுதான் அவளுக்குப் பிடிக்கும். முதல் நாள் காலை ரயிலில் ஏறினால் இருட்டுமுன் ஹாலிஎலயில் இறங்கலாம். ஸ்டேஷனுக்கு யானை, குதிரை, மேளத்தோடு வருகிறேன். யானை கிடைக்காவிட்டால் றவூப் நாநாவின் லொறி.

உன் மாமா

*

தெஹிவளை
02.09.2025

மாமா,

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறீர்கள், பதில் மட்டும் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன். நீங்கள் உட்கார்ந்து வாசியுங்கள்.

அப்பா போன பிறகு அம்மாவுக்கும் எனக்கும் நீங்கள்தான். அதை மறக்கவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனீர்கள். நேர்ஸிங் படிக்க இடம் கிடைத்தபோது லயம் முழுக்கப் பாணிப் பலகாரப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, ஜனாதிபதியே போன் போட்டு வாழ்த்தினார் என்று சொன்னீர்கள். எனக்கு அப்போது அது எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது.

நம் லயத்து வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீங்களும் அம்மாவும் கோயில் மேட்டுக்கு ஏறி வந்து பேசுவீர்கள். அம்மா எப்போதும் ரெண்டே வார்த்தை. “நல்லா இருக்கேன், நீ சாப்புட்டியா.” பிறகு போனை உங்கள் கையில் கொடுத்துவிடுவாங்க. போன வருஷம் செப்டம்பர் நடுவிலிருந்து நீங்கள் மட்டும்தான் பேசினீர்கள். நாலு ஞாயிறு. நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன், அம்மா எங்கே என்று. நீங்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. “உங்கம்மாவா? அவ நமக்காக நிக்கிறாளா? நம்மளத் தாண்டி மேல ஏறிட்டா. அங்க உச்சியில குட்டியாத் தெரியிறா பாரு, கை காட்டுறா.” நான் போனைப் பிடித்துக்கொண்டு இங்கே ஹொஸ்டல் மாடியில் நின்று கை காட்டினேன், மாமா.

அம்மா மேட்டுக்கு வராததற்குக் காரணம் அவங்களால் ஏற முடியவில்லை என்பது. இப்போது தெரிகிறது. மூச்சு வாங்கியிருக்கும். நான் அந்த மாதம் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். இருதயம் பலவீனமானால் கால் வீங்கும், ஏற்றம் ஏற முடியாது, படுத்தால் மூச்சு முட்டும். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. முழுதாக எழுதினேன். எழுதிவிட்டு வந்த மறுநாள் உங்கள் போன் வந்தது.

நான் வந்தபோது அம்மாவைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எல்லாரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் கால்மாட்டுத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். ரெண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டியிருந்த துணி சதைக்குள் புதைந்துபோயிருந்தது. ஒரு நாளில் அப்படி வீங்காது. வாரக்கணக்கில் இருந்த வீக்கம் அது.

ஆகவே வீக்கம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன். அம்மா கொழுந்து எடுக்க இடுப்பில் சுற்றும் படங்கைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டி உங்களிடமும் மறைத்திருந்தால், என் கோபம் செத்துப்போன அம்மாமேல் போக வேண்டும். நீங்கள் பார்த்திருந்தால் உங்கள்மேல் இருக்க வேண்டும். ரெண்டும் தெரியாமல் நான் ஒரு வருஷமாக ஒவ்வொரு நோயாளியின் காலையும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உண்மையை எழுதினால் திதிக்கு வருவேன். என்ன உண்மையாக இருந்தாலும் வருவேன். எழுதாவிட்டால் இங்கே ஒரு கோயிலில் தனியாகக் கொடுத்துக்கொள்வேன். இனிமேல் கடிதமும் வேண்டாம்.

சுதர்ஷினி

*

ஹாலிஎல
14.09.2025

சுதாவுக்கு,

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்து என்பது எண்ணிப் பார்த்துச் சொல்கிற ஐந்து. அடுப்படியில் கிடக்கிறது.

பார்த்தேன்.

நீ கேட்டது அவ்வளவுதான், இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எப்படிப் பார்த்தேன் என்று சொல்லாவிட்டால் அதுவும் மறைத்த மாதிரி ஆகிவிடும்.

போன வருஷம் புரட்டாசி தொடங்கின நேரம். வேலையால் வந்து சுடுதண்ணியில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அண்ணே, இங்க வா, ஒரு வேடிக்கை பாரு” என்று கூப்பிட்டாள். முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. அப்படியே இருந்தது, மேலே எழும்பவில்லை. “மாவு மாதிரி இருக்குண்ணே” என்றாள். நானும் என் விரலை வைத்து அழுத்தினேன். அவள் குழிக்குப் பக்கத்தில் என் குழி. நான் சொன்னேன், “தங்கச்சி, இதுல ஒரு தேயிலைக் கன்னு நட்டுடலாம்டி. தொரைக்கிட்ட சொல்லாத, இதையும் தோட்டத்துல சேத்துப்புடுவாரு.”

அவள் சிரித்தாள். சிரித்து, இருமல் வந்து, மூச்சு எடுக்க முடியாமல் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் அன்றைக்கு என்னைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொண்டேன். காமன் கூத்தில் இருபது வருஷம் எமன் வேஷம் கட்டினவன் நான். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு பொய் எழுத எனக்கு மிகவும் ஆசை. கிழித்த ஐந்தில் மூன்று கடிதத்தில் எழுதியும் விட்டேன். “புள்ளக்கிப் பரீட்சை, அதுக்கிட்டச் சொல்லாத அண்ணே” என்று உன் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டாள் என்று. நீ நம்பியிருப்பாய். எந்தத் தாயும் அப்படித்தானே சொல்வாள். எனக்கும் நிம்மதி, உனக்கும் ஒரு மாதிரி நிம்மதி.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னது, “சுதாக்கிட்ட கேட்டுப் பாரு அண்ணே. அது படிச்சிருக்கு.”

முதல் ஞாயிறு மேட்டுக்குப் போகும்போது கேட்க வேண்டும் என்றுதான் போனேன். நீ போனை எடுத்ததும், “மாமா, தூக்கமே இல்ல, படிச்சுப் படிச்சுத் தலை வெடிக்குது” என்றாய். உன் குரல் அழுகிற மாதிரி இருந்தது. சரி, முதலில் சிரிக்க வைப்போம், பிறகு கேட்போம் என்று நினைத்தேன். மேலே ஏறிட்டா, கை காட்டுறா என்றேன். நீ சிரித்துவிட்டாய். அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது? உச்சியில் நிறுத்திவிட்ட ஆளை எப்படிக் கீழே இறக்கிப் படுக்க வைப்பது? வீட்டுக்கு வந்து அவளிடம், “கேட்டேன், ஒண்ணுமில்லையாம், கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லுச்சு” என்றேன். உன் பேரால் சொன்னேன். அவள் நாலு வாரம் கொத்தமல்லித் தண்ணி குடித்தாள். நீ சொன்ன மருந்து என்று ஒரு நாள் விடாமல் குடித்தாள். பக்கத்து லயத்து ஆட்களுக்கெல்லாம், எங்க புள்ள சொன்ன மருந்து என்று சொன்னாள்.

ஒவ்வொரு ஞாயிறும் அதையே பாடினேன். கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பாடினேன். நீயும் சிரித்தாய், அவளும் சிரித்தாள். ரெண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டு மேடு ஏறி இறங்கியதுதான் நான் செய்தது. இடி முழங்கவில்லை. ரயில் கூவவில்லை. ரொட்டியும் தட்டவில்லை. கடைசி ரெண்டு நாளும் அவள் படுக்கவே முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு விடியற்காலை, உன்னை ஆஸ்பத்திரி உடுப்பில் ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றாள். அது வேஷம் மாதிரி இருக்குமா, இல்லை நிஜமாக இருக்குமா என்று கேட்டாள்.

என்ன உண்மையாக இருந்தாலும் வருவேன் என்று நீ எழுதியிருந்தாய். இதைப் படித்த பிறகு அந்த வார்த்தைக்கு நீ கட்டுப்பட வேண்டாம். வந்தால் நான் திதி முடியும்வரை கோயில் மேட்டில் இருந்துகொள்கிறேன். விளக்கை நீ வை.

கொழும்புக் கதையையும் முடித்துவிடுகிறேன். தூதுவர் யாரும் இல்லை. புல்தரையில் ஐம்பது பிளாஸ்டிக் கதிரை, பாதி காலி. நான் ஆசனத்தில் உட்காரவில்லை. குசினிக் கதவண்டை லீக்ஸ் மூட்டைமேல் இருந்தேன். மிஸ் ஒலிவின் முகத்தையே நான் முன்னால் இருந்து பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன். உடுப்பு கணுக்கால் வரைதான். நவரத்தினம் இல்லை. காகங்கள் எங்கேயும் போகவில்லை.

சப்பாத்து மட்டும் நிஜம்.

முன்னால் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. பாடிக்கொண்டே, ஒன்றன்பின் ஒன்றாக, குதிக்காலால் தள்ளிக் கழற்றினாள். பாதம் ரெண்டும் ஊதியிருந்தது. சப்பாத்தின் விளிம்பு பதிந்த இடம் வளையம் மாதிரிக் குழிந்து நின்றது. பாட்டு நடுங்கவில்லை. இடைவேளை விட்டதும் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து, என் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, சப்பாத்துக்குள் காலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. நப்ரீஸ் ஓடிவந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டான். “அவங்களுக்கு ஒண்ணுமில்லையாம் மாமா, சூப்பரா இருக்காங்களாம்” என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தண்ணி எடுக்கப் போனான்.

நான் கீழே குந்தி அந்தச் சப்பாத்தைக் கையில் எடுத்தேன். மாட்டிவிடத்தான் எடுத்தேன். காலைத் தொட்டதும் என் பெருவிரல் தானாக அழுத்திவிட்டது. குழி விழுந்தது. எழும்பவில்லை. இந்தத் தடவை நான் ஒன்றும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

“இத உங்க புள்ளக்கிட்டக் காட்டுங்கம்மா” என்றேன்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. என் தலையில் கையை வைத்து, சிரித்து, சரி என்கிற மாதிரித் தலையை ஆட்டினாள். பிறகு வெறுங்காலோடு எழுந்து பாடப் போய்விட்டாள். சப்பாத்து என் கையிலேயே இருந்தது.

மாடசாமி